சேஷகிரி, பதினெட்டு பார்

மண்டபம் கிளை நூலகத்தில்
இந்த நாவலை எனக்கு முன்னால் எடுத்தவர்
பன்னிரண்டு வருசத்துக்கு முன்பே திருப்பித் தந்துவிட்டார்.
தேதிச் சீட்டு சொல்கிறது.
ஐந்நூற்று எழுபது பக்கம்.
தூக்கினால் ஒரு கிலோ சீலா கனம்.

எனக்கு பாம்பன் ஐஸ் கம்பெனியில் ராத்திரி பில் போடுகிற வேலை.
விடிந்தால் படகு போகும் என்றால்
மூச்சு விட நேரமிருக்காது.
மற்ற ராத்திரிகளில்
எப்போதாவது ஒரு கேரள வண்டி வரும்.
கம்ப்ரஸர் ஓடுகையில்
எதிரே நிற்பவருக்கு வாய் மட்டும்தான் அசையும்.
நாவலில் பேசுகிறவர்கள்தான்
தெளிவாகக் கேட்பார்கள்.

இருபது பக்கம். அதுதான் என் கணக்கு.
குறைந்தால் சோறு குறைந்த மாதிரி இருக்கும்.
கூடினால்
விடிகாலை டவுன் பஸ்ஸில் தூங்கி
அக்காள்மடத்தில் இறங்க வேண்டியவள்
தங்கச்சிமடத்தில் போய் விழிப்பேன்.

"இம்புட்டும் படிச்சு
எந்தப் பரீட்சைக்கு எழுதப் போறிய, ஜெபமாலக்கா?"
ஐஸ் உடைக்கிற அந்தோணிப்பிச்சை
இதை வாரத்துக்கு ஒருதரம் கேட்பான்.
பதில் சொன்னால் பக்கம் தப்பும்.

இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்தேன்.
ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் சேஷகிரி
மகளுக்குக் கடிதம் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறார்.
ஜன்னலில் ஒரு கை நீண்டு
பதினெட்டு விரலை மூன்று தவணையாகக் காட்டியது.
எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.
கை போய்விட்டது.
ஐஸ் நொறுங்கி, பெட்டிக்குள் சரிந்து
கடலுக்குப் போய்விட்டது.

மாசக் கடைசியில்
கீழக்கரையிலிருந்து கணக்குப் பார்க்க வரும் அமீன் சார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"யாரும்மா இந்த சேஷகிரி?
பதினெட்டு பார், பாக்கி.
படகு நம்பர் எங்க?"

படகு இல்லை சார்.
தஞ்சாவூர்ப் பக்கம். கால் ஆணி உண்டு.
ஆயுசில் கடலைப் பார்த்ததில்லை.

இப்படியா சொல்ல முடியும்?
"புதுப் பார்ட்டி சார், நான் வசூல் பண்ணித் தாரேன்."
அன்றைக்கு ஐஸ் ஏற்றியது மூன்று படகு.
கேட்டால் மூன்று பேரும் இல்லை என்பார்கள்.
ஒருத்தர் மட்டும் பொய் சொல்வார்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்
என் சம்பளத்தில் பிடித்தம் இல்லாமல்
நானாகவே வைத்தேன்.
'சேஷகிரி – வசூல்' என்று எழுதும்போது
சிரிப்பு வந்தது,
கொஞ்சம் பெருமைகூட.

நானூற்று முப்பத்தொன்றில் அவர் இறந்து போனார்.
கத்திரி வெயில்.
மகள் நாக்பூரிலிருந்து வந்து சேர
இரண்டு நாள்.
ஐஸ் வாங்கி வைத்தார்கள் என்று
ஒரே வரி.
எத்தனை பார் என்று எழுதியவர் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான்கு ராத்திரி
கம்ப்ரஸர் வெறும் கம்ப்ரஸராக ஓடியது.
அம்மோனியா நாற்றம் திடீரென்று மூக்கில் ஏறியது.
இத்தனை வருசம் அது எங்கே இருந்தது?
மேசை டிராயரில் புத்தகம்.
அதன் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்தேன்.

"நாலு நாளா கையில பொஸ்தகத்தக் காணோமே,
ஒடம்புக்கு என்ன?"
"ஒரு சாவு."
அந்தோணிப்பிச்சை தலைத் துண்டை உருவினான்.
"யாரு?"
"தெரிஞ்சவரு. தஞ்சாவூர்ப் பக்கம்."
அவன் ஒன்றும் கேட்காமல் போய்
டீ வாங்கி வந்து வைத்தான்.
ஏடு படிந்த டீ.

அதைக் குடித்துக்கொண்டே
டப்பாவை நகர்த்தினேன்.
ஒரு பக்கம் மட்டும், என்று சொல்லிக்கொண்டேன்.
அதில்
அவர் மனைவி வாசலுக்கு வந்து
பால்காரனிடம்
நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்கிறாள்.
அவன் சரி என்று சைக்கிளை உருட்டுகிறான்.
பிறகு அவளே கூப்பிட்டு
வேண்டாம், ஒண்ணாவே இருக்கட்டும்
என்கிறாள்.

வெளியே வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான்.
விரலை அங்கேயே வைத்துக்கொண்டு
இடது கையால்
பில் புத்தகத்தை இழுத்தேன்.
"பேரு?" என்றேன்.
"வண்டி நம்பர் போட்டாப் போதும்" என்றான்.
"இல்ல," என்றேன், "பேரச் சொல்லுங்க."