ஒருக்களித்து

ஆக்னஸ் என்ற பெயரைக்
கடைசி எழுத்திலிருந்து முதலுக்கு எழுதினால் செங்கா.
அம்மாவுக்கு ஆக்னஸ் அத்தையைப் பிடிக்காது,
அத்தையின் பணம் பிடிக்கும்.
பெயரைப் புரட்டிப் போட்டாள்.
நான் இப்போது ஆட்களைப் புரட்டிப் போடக் கற்றுத்தருகிறேன்.

கேலோகேட்டில், சலவைக் கடையின் பின்னறை.
செவ்வாய்க்கிழமை. ஏழு நாற்காலி, ஆறு பேர்,
அதில் மூவர் ஐந்து பவுண்டு கூப்பனுக்காக வந்தவர்கள்.
நானும் முதலில் அதற்குத்தான் வந்தேன்.
கோட்டுகளில் ஏறிவந்த மழை
தரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது.
மூலையில் புது டாக்டரம்மா நின்றபடி குறிப்பெடுக்கிறார்.
எடுக்கட்டும்.
எங்களுக்கு இது பாடமில்லை, போன வாரம்.

தீயணைப்பு நிலையத்தில் இரவல் வாங்கிய பொம்மையை
யாரோ விற்றுத் தின்றாயிற்று.
ஆகவே ஆரஞ்சுப் பழம்.
மேலே ஜீன்ஸ் துணித் துண்டு, ஒரு ரப்பர் பேண்டு.
இதுதான் தொடை என்கிறேன்.
துணியோடே குத்து. பெல்ட்டோடு மல்லுக்கட்டாதே.
மஞ்சள் பெட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார்கள்,
தீப்பெட்டி வாங்குகிறவர்கள் ஆட்டிப் பார்ப்பதுபோல்.

முதலில் தோளை உலுக்கு.
பேர் சொல்லிக் கூப்பிடு.
பேர் தெரியாதென்றால் ஏதாவது ஒரு பேர்.
உதட்டைப் பார்.
ஆம்புலன்ஸிடம் "மூச்சு சரியில்லை" என்று சொல், இடத்தைச் சொல்,
உன் கதையை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.
எழுந்ததும் உன்னைத் திட்டுவான்,
என் காசெல்லாம் வீணாப்போச்சே என்பான்.
திட்டட்டும். திட்டுவதற்கு மூச்சு வேண்டும்.
ஆனால் விட்டுப் போகாதே.
மருந்து போன பின்னும் சரக்கு உள்ளே காத்திருக்கும்.

பிறகு குறட்டை.
இந்த இடத்தில் எப்போதும் தண்ணீர் குடிக்கிறேன்.
கொடகொடவென்று, தொண்டையில் குழாய் அடைத்ததுபோல் வந்தால்
அது தூக்கமில்லை.

லார்ன் அப்படித்தான் குறட்டை விட்டான், ஒரு ஞாயிறு.
பாவம், வாரமெல்லாம் தூங்காதவன் என்று
டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தேன்.
போர்வை போர்த்தினேன்.
ஆட்டம் முடிந்தபோது
ஸ்கோர் கேட்க அறையில் யாருமில்லை.

ஆரஞ்சைச் சுற்றியிருப்பது யார் ஜீன்ஸ் என்று
வகுப்பில் சொல்வதில்லை.
ஒரு கால் தீர்ந்துவிட்டது.
இன்னொன்றில் முழங்கால்வரை வந்திருக்கிறோம்.

ஒருவரையொருவர் தரையில் படுக்கவைத்துப் பழகுகிறார்கள்.
கை கன்னத்தடியில், முழங்கால் மடக்கி,
ஒருக்களித்து.
டாக்டரம்மாவையும் படுக்கவைத்தோம்.
"தரை ஜில்லென்று இருக்கிறது" என்றார்.
சிரித்தோம். பிறகு அவரும்.

கதவருகே உட்கார்ந்திருந்த ஸ்ட்ரூவன்,
கூப்பன்காரர்களில் ஒருவன், கை தூக்கவில்லை,
தன் ஷூவிடம் கேட்டான்:
"தனியா இருந்தா?"

என்னிடமிருந்த தாளில் அதற்குப் பதில் இருந்தது:
தனியாக வேண்டாம்.
யாருமே இல்லாதவனிடம் அதை எப்படி வாசிப்பது?
கூப்பனின் பின்புறம் என் நம்பரை எழுதினேன்.
அது விதிமீறல். டாக்டரம்மா சுவரைப் பார்த்தார்.

இப்போது மணி மூன்றேகால். போன்.
"நான்தான். இப்பப் போடப்போறேன்."
வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அடக்கினேன்.
"கதவைப் பூட்டாதே. எந்த மாடி?"
"மூணு. லிஃப்ட் வேலை செய்யல."
"கொஞ்சமாப் போட்டுப் பார். போனை ஸ்பீக்கர்ல வை."
கெட்டில் கொதிக்கிறது, அணைக்கிறேன்,
அதன் சத்தம் அவன் மூச்சை மறைக்கிறது.
அவன் பக்கத்து ஜன்னலில் மழை, என் பக்கமும் அதே மழை.
எண்ணுகிறேன். நடுவில் எண்ணிக்கை தப்புகிறது.
"ஸ்ட்ரூவன், ஒருக்களிச்சுப் படு."

ஒன்றுமில்லை.
மழை.

"ஸ்ட்ரூவன்!"

"படுத்தாச்சு செங்கா,
வாயை மூடு."