மண் இளகும் வரை

ஒரு முறை எரித்தால் ஒரு சாண் இளகும்.
ஆள் படுக்க எட்டுச் சாண் வேண்டும்.
மைனஸ் ஐம்பத்தொன்றில்
கணக்கு இவ்வளவுதான்.

வில்யூய் ஆறு கல்லாகிக் கிடக்கும் மாதங்களில்
ஊரில் யார் செத்தாலும்
ஸ்பிரிதோனைக் கூப்பிடு என்பார்கள்.
பாதிரியாருக்கும் முன்னால் நான்.
லார்ச் விறகு, பழைய டிராக்டர் டயர்,
சூடு மேலே ஓடிவிடாமல் மூடத் தகரம்.
கேட்பவர்களிடம் சொல்வேன்:
ஆத்மா கீத்மா எனக்குத் தெரியாது,
விறகு ஈரமா இல்லையா, அது தெரியும்.

அப்பா பள்ளி ஆசிரியர்.
கடவுள் இல்லை என்று கரும்பலகையில் எழுதி
அடியில் இரண்டு கோடு போடுவார்.
வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால்
முதல் துண்டு அடுப்புக்குள் போகும்.
ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.
அதற்குப் பசிக்காதா என்றார்,
உடனே மாட்டுக்கு வைக்கோல் போதுமா என்று
பேச்சை மாற்றினார்.

இந்த ஜனவரியில்
என் கதவைத் தட்டியவன் நிகிஃபோர்.
மின்நிலையத்தில் டீசல் எஞ்சின் பார்ப்பவன்.
ஒன்பது வருடமாக
எதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கிப்
பனிக்குள் இறங்கி நடப்போம்.
தொப்பியைக் கழற்றினான்.
"அவ்தோத்யா" என்றான்.
அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.
என் மனைவியாக இருந்தவள்,
அவன் மனைவியாகச் செத்துப்போனவள்.

எங்கள் ஆட்கள் உயிர் மூன்று என்பார்கள்.
மண் உயிர் மண்ணுக்கு.
தாய் உயிர் வந்த இடத்துக்கு.
காற்று உயிரைப் பிடித்து வைக்க முடியாது,
உடம்பு தூங்கும்போதே ஊர் சுற்றும்.
சிரித்திருக்கிறேன்.
பிறகு ஒரு காலத்தில், குடித்துவிட்டு,
இதில் எது எதிர்வீட்டுக்குப் போனது,
எது இன்னும் என் கொட்டகையில்
அவள் விட்டுப்போன ரப்பர் பூட்ஸுக்குள் இருக்கிறது
என்று எண்ணிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

முதல் ராத்திரி தனியாக.
இரண்டாம் ராத்திரி நிகிஃபோர் வந்தான்,
கூப்பிடாமல், ஒரு சறுக்குவண்டி விறகோடு.
பேசவில்லை.
குளிர் அவ்வளவு இறங்கினால்
விடும் மூச்சு உறைந்து
காதருகே உமிபோல் உதிரும் சத்தம் கேட்கும்.
இரண்டு பேர் மூச்சும் உதிர்ந்துகொண்டிருந்தது.
நடுச்சாமத்தில் தகர டப்பா ஒன்றைத் திறந்தான்.
அவள் சுட்ட அப்பம், ஐந்து.
செவ்வாய்க்கிழமை சுட்டது என்றான்.
புதன்கிழமை இறந்திருக்கிறாள்.

என் கை அதில் ஒன்றைப் பிய்த்து
நெருப்பில் போட்டது.
நான் போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
அவன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.
அவளிடம் கற்றதாக இருக்கும்;
அவசரமாக, தோளில் ஏதோ தூசி தட்டுவதுபோல்
அவள் போடுவது அப்படித்தான்.
மிச்சத்தைத் தின்றோம்.
உப்பு கொஞ்சம் அதிகம். எப்போதும்போல.

மூன்றாம் நாள் காலை பாதிரியார் வெனியமின்
முந்நூறு கிலோமீட்டர் ஜீப்பில் வந்தார்.
தாடி முழுக்கப் பனி.
தூபக்கரி பற்ற மறுத்தது.
நாலு தீக்குச்சி, ஐந்து. விரல்கள் கேட்கவில்லை.
அப்புறம் என்னைப் பார்த்தார்.
குழியடியில் ஒதுக்கிய தணலில் ஒரு கங்கை
மண்வெட்டியில் ஏந்திக் கொடுத்தேன்.
நீங்கள் விசுவாசியா என்றார், வாங்கிக்கொண்டே.
கங்கு காய்ந்த விறகுடையது, நன்றாக நிற்கும் என்றேன்.
தூபத்தை ஆட்டத் தொடங்கினார்.

அதற்கு முன்னால் நடந்தது ஒன்று,
யாருக்கும் சொல்லவில்லை.
விடியும் முன் தகரத்தைத் தூக்கினேன்.
குழியிலிருந்து ஆவி எழுந்தது.
தினமும் எழுவதுதான்.
வெறும் நீர், அப்பா எழுதிப் போட்டிருக்கிறார் பலகையில்.
நிகிஃபோர் உட்கார்ந்தபடி தூங்கியிருந்தான்.
கையுறையைக் கழற்றி
அடிமண்ணில் உள்ளங்கையை வைத்தேன்.
காய்ச்சல் விட்ட நெற்றிபோல்
ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது.
எடுக்க மனம் வரவில்லை.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பெட்டி இறங்கியது. மூடினோம்.
சாயங்காலத்துக்குள் மண் பழையபடி கல்.

ஈரக் கையோடு மேலே ஏறியதில்
இரண்டு விரல் நுனி கறுத்துவிட்டது.
இருபது வருட அனுபவம், கையுறையை ஏன் கழற்றினாய்
என்று திட்டிக்கொண்டே கட்டுப்போட்டாள் நர்ஸ்.
இளகிவிட்டதா என்று பார்க்க, என்றேன்.
பொய்யில்லை.