ஆறு கிலோ இருநூறு

பகல் முழுக்க லாரிகளை நிறுக்கிறவன் நான்.
களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு இப்புறம்
ஒரு எடைமேடை, தகரக் கூரை போட்ட அறை,
சீட்டு அடிக்கிற பழைய மெஷின்.
ஜல்லி இருபத்தெட்டு டன். வைக்கோல் ஒன்பது.
கேரளத்துக்குப் போகும் ஏத்தங்குலை பதினொன்று.
மொத்தத்தில் வண்டியைக் கழித்தால்
மிச்சம் சரக்கு.

ஜோவின் அங்கன்வாடித் தராசில் தொங்கியபடி
காலை உதைத்து முள்ளை ஆட்டினான்.
நிற்கும்வரை காத்திருந்து டீச்சர் சொன்னார்:
ஆறு கிலோ இருநூறு.
ஏழு மாதத்துக்குப் போதாது.
அட்டையில் புள்ளி
பச்சையைத் தாண்டி மஞ்சளில் விழுந்தது.
அந்நேரம் பிரீஜா
பாறசாலை ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டியில் இருந்தாள்,
வேறு யாரோ பெற்ற பிள்ளைகளின் எடையை
நோட்டில் எழுதிக்கொண்டு.

ஒரு ஞாயிறு, வண்டி வராத மத்தியானம்,
அவனைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் நின்றேன்.
எழுபது.
நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு
ஓடிப்போய்த் தனியே நின்றேன்.
எழுபது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் எங்கள் மேடை.
அதற்கு என் மகன் இன்னும் பிறக்கவில்லை.

கொட்டாரக்கரை லோடு ஓட்டும் சுதீரன்தான்
முற்றின காயாக ஒரு குலையை இறக்கிவிட்டு,
"ஓவர்லோடு, நீயே பிடிச்சுக்கோ" என்று சிரித்துப் போனான்.
எண்ணெய் தடவிய கையால்தான் தோல் சீவினேன்.
ஆனாலும் கறை ஏறியது.
அந்த வாரம் நான் கொடுத்த எல்லாச் சீட்டிலும்
தவிட்டு நிறத்தில் ஒரு பெருவிரல்.

கல்யாண வேட்டியை மாடியில் விரித்து
காய் வட்டங்கள் ஒரு பக்கம்,
கேரட், பீட்ரூட் சீவல் மறுபக்கம்.
ரோட்டுத் தூசிக்கும் காக்கைக்கும் பயந்து
மேலே கொசுவலை.
இரண்டாம் நாள் மூன்று மணிக்கு
பாறசாலைப் பக்கம் கறுத்தது.
மேடையில் சிமென்ட் வண்டி நிற்கிறது, என்ன செய்ய?
கீழ்வீட்டு ஷம்லத்துக்குப் போன் போட்டேன்.
ஈரத் தலையோடு ஓடியிருக்கிறாள்.
"எல்லாத்தையும் ஒண்ணாச் சுருட்டிட்டேன்,
ஏசப்பிடாது அண்ணே."
அவிழ்த்துப் பார்த்தால்
வாழைக்காய் முழுக்க ரோஸ் நிறம்.
வேட்டியும்தான்.

மீதி வெயில் என் தகரக் கூரையில் கிடைத்தது.
டிரைவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.
"சிப்ஸா?"
"சோறு," என்றேன்.
உடைத்தால் கறுக்கென்று சத்தம் வரும்வரை
நாலு நாள்.

மாவு மில்லில் மாட்டேன் என்றார் டென்னிசன்.
மிளகாய் அரைத்த கல்லாம்.
"திங்கள் காலை கழுவி ஓட்டுவேன்,
முதல் ஆளாக வா."
ஐந்தரைக்கே போய் நின்றேன்.
வீட்டில் இரண்டு தடவை துணியில் சலித்தேன்.
அத்தனை பெரிய குலை
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலிலும்
கால் டம்ளரிலும் அடங்கிவிட்டது.

ஒரு ஸ்பூன் மாவு, பச்சைத் தண்ணீரில் கரைத்து,
கட்டி தட்டாமல், சிறு தீயில்.
கருப்பட்டி போடு என்கிறாள் ஷம்லத்.
ஒரு வயசு வரை இனிப்பே கூடாது,
பிரீஜாவின் உத்தரவு.
கிண்டக் கிண்டக் கூழ் பளபளத்தது,
செங்கல் நிறத்தில்.

முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தான்.
இரண்டாவதை என் சட்டையில் துப்பினான்.
மூன்றாவது தாடையில் வழிந்தது.
நாலாவது
எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கையில்
உள்ளே போனது. தொண்டை அசைந்தது.
ஐந்தாவதற்கு அவனே வாயைத் திறந்தான்.
ஆறாவதற்குள் தூங்கிவிட்டான்.

ராத்திரி எட்டரை பஸ்ஸில் வந்து இறங்கிய பிரீஜா
செருப்பைக்கூடக் கழற்றாமல்
கிண்ணத்தை வழித்து நாக்கில் வைத்தாள்.
"கருப்பட்டி போட்டியா?"
"இல்லை."
"பின்னே ஏன் இனிக்குது?"
பீட்ரூட் என்றேன். நம்பவில்லை.
இன்னொரு விரல் வழித்தாள்.