பதினாலாம் பிளாக்

"என்ன பார்த்தே அங்கே?"
லோரியை எடைமேடையில் ஏற்றிவிட்டு
இறங்காமலே கேட்கிறான் காத்தமுத்து.
இருபத்தொரு டன் நானூறு.
எழுதிக்கொண்டே, "கடல்" என்கிறேன்.
"மோரிப்பில் இல்லாத கடலா?"

ஏழு நாள்.
கூட்டுறவுச் சேமிப்பில் மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
நானும் நாத்தனார் அமராவதியும்;
அவள் பெட்டியில் பாதி நெத்திலிச் சம்பல்.
ஹாங்காங் என்றதும் பத்தாங் பெர்ஜுந்தையில்
பாதிப்பேர் கடிகாரம் வாங்கிவரச் சொன்னார்கள்,
மீதிப்பேர் எதற்கு என்றார்கள்.

பச்சையும் வெள்ளையுமாய் ஒரு படகு.
இருக்கையின் முதுகைத் தள்ளினால்
அது திசை மாறிக்கொள்ளும்.
அக்கரையில் வேலை ஒன்றும் இல்லாமல்
நாலு தடவை போய்வந்தோம்.
நாலு தடவையும் அமராவதி
விட்டுவந்த கரையைப் பார்த்தே உட்கார்ந்தாள்.

மலையுச்சியில் மூடுபனி.
காசு கட்டி வெள்ளையைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.
புத்தர் பெரியவர்.
படிகள் அவரைவிட.

தூரத்தில் பாரந்தூக்கிகள்
இரும்புப் பெட்டிகளைக் கப்பலில் அடுக்கின.
பதினெட்டு வருடம் பாரம் எழுதிய கை எனக்கு:
இது எத்தனை டன், அது எத்தனை என்று
மனசு கூட்ட ஆரம்பித்துவிட்டது.
லீவில் வந்திருக்கிறாய் என்று அதட்டினேன்.
ஒன்பதாவது பெட்டியில் நிறுத்திக்கொண்டது.

புதன்கிழமை மழை.
புதனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே
ஒருவர் நின்றால் ஒருவர் படுக்கவேண்டிய அறை.
எதிர்க்கட்டடத்தின் பதினேழாவது மாடியில்
பாதி உடம்பு வெளியே நீட்டி
ஒரு பெண் கண்ணாடி துடைத்தாள்.
மழையிலே, ஐயா, கண்ணாடி துடைத்தாள்.
என்னால் பார்க்கவும் முடியவில்லை,
திரையை இழுக்கவும் முடியவில்லை.
இழுத்தால் விழுந்துவிடுவாளோ என்று.

பிறகு ஞாயிறு.
மேம்பாலத்தின் அடியில், வங்கி வாசலில், நடைபாதை நெடுக
அட்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்,
நூறு நூறாய்ப் பெண்கள்.
வீட்டுவேலைக்கு அன்று ஒருநாள் விடுப்பாம்.
ஓரத்தில் செருப்புகள், கோயில் வாசல்போல.
அமராவதியின் முட்டி மடங்கியதைப் பார்த்து
ஒருத்தி நகர்ந்தாள்: "டுடுக், காக்."
அந்த ஏழு நாளில்
முழுசாய்ப் புரிந்த முதல் வார்த்தை.

உட்கார்ந்தோம். சம்பல் டப்பா திறந்தது.
அவள் பெயர் சுலாஸ்த்ரி; பிளித்தார் பக்கம்.
பொரித்த தெம்பே கொடுத்தாள்.
"மலேசியாவா? என் தம்பி அங்கேதான்
செம்பனைக் குலை வெட்டுகிறான்."
எந்த ஊர்? தெரியாது.
தோட்டத்துப் பெயர்? சொன்னதில்லை.
ரெண்டு வருடத்துக்கு முந்தி கடைசியாய் ஒரு செய்தி,
போனைத் தேடி எடுத்துக் காட்டினாள்:
*பிளாக் பதினாலு. மேட்டு நிலம்.
யானை இல்லை, பயப்படாதே.*

எல்லாத் தோட்டத்திலும் உண்டு
பதினாலாம் பிளாக்.
அதை நான் சொல்லவில்லை.
பார்க்கிறேன் என்றேன்.
அட்டையில் ஒரு மூலையைக் கிழித்து
சுகெங் என்று எழுதினாள், கீழே தன் நம்பர்.
ராத்திரி விமானம்.
துறைமுகத்து விளக்குகளை
அமராவதி ஜன்னலில் பார்த்துக்கொண்டு வந்தாள்.
நான் அந்த எழுத்தை.

இப்போது காத்தமுத்துவின் சீட்டில்
பிளாக் என்ற கட்டத்துக்கு என் கண் முதலில் போகிறது.
இன்றைக்குப் பதினாலு.
"யார் வெட்டின குலை இது?"
"குத்தகைக்காரன் ஆளுங்க. பேரு யாரு கேட்டா?"
"கேட்டுப் பாரேன்."
"அதில் ரெண்டு பேர் போன மாசமே ஓடிட்டானுங்க."
குலைகளைக் கொட்டப் போகிறான்.

திரும்பி வருகிறது வெறும் லோரி:
எட்டு டன் தொள்ளாயிரம்.
கழித்து எழுதுகிறேன்.
அட்டைத் துண்டு கால்குலேட்டருக்கு அடியில்,
ஆலைப் புகையில் ஓரம் சுருண்டு.

ஜன்னல் வழியாய்க் கை நீள்கிறது, சீட்டுக்கு.
"அது சரி," என்கிறான் காத்தமுத்து,
"என் கடிகாரம் எங்கே?"