ஏழு புள்ளி எட்டு

விரகனூர் மதகில் இருபத்தொன்பது வருடம்
தண்ணீர் எத்தனை அடி என்று எழுதியவன் நான்.
காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு.
வறண்ட வருடங்களில்
ஒன்றுமில்லை என்று எழுதவும்
மூன்று வேளை நடந்தேன்.

இப்போது ரத்தத்தில் ஓர் எண்:
ஏழு புள்ளி எட்டு.

ராத்திரி நாலு தடவை எழுந்ததுதான் ஆரம்பம்.
பஸ் மாட்டுத்தாவணிக்குள் திரும்புமுன்பே
படிக்கட்டுக்கு வந்துவிடுவேன்.
சர்க்கரை என்று நினைத்தேன்.
சர்க்கரை என்றால் வெளியே சொல்லலாம்.

டாக்டர் நிலோஃபர் கையுறை மாட்டியபோது
சுவர்க் காலண்டரில் ராகு காலம் படித்தேன்.
பிறகு எம்.ஆர்.ஐ.
கட்டடம் இடிக்கிற சத்தத்துக்குள்
அசையாமல் கிடந்தேன்.
நிழல் தெரிந்த இடத்தைக் குறிவைத்து இரண்டு ஊசி,
சுற்றிலும் பன்னிரண்டு.
பத்து நாள் கழித்து ஒரு தாள்:
மூன்றும் மூன்றும் ஆறு.

"புற்றுதான். ஆனால் சோம்பேறிப் புற்று.
இப்போதைக்கு வெட்டவும் வேண்டாம், சுடவும் வேண்டாம்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளப்போம்."

திருமங்கலத்து மச்சினன் கொதித்தான்:
"பாம்பை வீட்டுக்குள்ள விட்டுட்டு
கதவிடுக்குல பாக்குறதா?
எடுத்து எறியச் சொல்லுங்க."

எடுத்தால் கூட என்னவெல்லாம் போகும் என்று
கேட்க எனக்கு வாய் வரவில்லை.
மரகதம் கேட்டாள்.
"ஒண்ணுக்கு அடங்குமா டாக்டர்?
அப்புறம்... நாங்க ரெண்டு பேரும்?"
அறுபத்து மூன்று வயதில்
என் காது சுட்டது.

டாக்டர் சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
நரம்பு இங்கே, சுரப்பியை ஒட்டியே,
வைகைக் கரை ரோடு மாதிரி.
ரோபோ கை அறுத்தாலும், கதிர் பாய்ச்சினாலும்
சிலருக்குத் திரும்பும்,
சிலருக்குத் திரும்பாது.
தேவைப்படும் நாளில் செய்யலாம்.
அந்த நாள் வராமலும் போகலாம்.

எனக்கு இது புரியும்.
ஒன்பதடியில் அசையாமல் நின்ற தண்ணீரைப் பார்த்துத்
தூங்கப் போயிருக்கிறேன்.
மூன்றடியில் விறுவிறுவென ஏறியபோது
சைக்கிளை மிதித்திருக்கிறேன்.
ஆனால் அப்போது நான் கரையில் நின்றேன்.

திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தி
மரகதம் பருத்திப்பால் வாங்கினாள்.
ரெண்டு டம்ளர். பேசவில்லை.
முழங்கால் மட்டும் என் முழங்காலில்.

ஐப்பசியில் மறுபடி ரத்தம்.
பழைய பதிவேட்டின் மிச்சப் பக்கத்தில்
தேதி போட்டு எழுதினேன்: ஏழு புள்ளி ஒன்று.
பக்கத்துக் கட்டத்தில், கைப்பழக்கம்,
மேகமூட்டம்.

எட்டிப் பார்த்த மரகதம்
"வெயில் கொளுத்துதே" என்றாள்.