எந்த வருஷத்துக் கடல்

ஹூசும். மூன்றாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே
கடல் விலகிப் போயிருக்கிறது.
சேறு மட்டும் கிடக்கிறது, மேகத்தை வாங்கிக்கொண்டு.

கோப்பின் பெயர்: புதிது_கடைசி_உண்மையில்கடைசி.
சேற்றுக்குள் ஓடும் வாய்க்கால்கள்,
நாலாயிரத்துச் சொச்சம் கோடுகள்.
யார் அளந்தது, எப்போது,
எந்தச் சுழியத்திலிருந்து ஆழத்தை எண்ணியது,
ஒன்றுமில்லை.
அனாதைக் கோப்பு என்கிறாள் வீப்கே.
எங்கள் அலுவலகத்தில் அது வசை.

படிவம் பன்னாட்டுத் தரம்.
டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும்
இதே கட்டங்கள், இதே வரிசை.
மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு:
நாலு எண்ணுக்குள் நிலத்தைக் கட்டிவிட்டேன்.
அடுத்தது காலம்.

காலியாக விட்டால் நிரல் சிவக்கிறது.
தெரியாது என்பதற்கு ஒரு குறியீடு,
பொருந்தாது என்பதற்கு வேறு,
சொல்ல மாட்டோம் என்பதற்கும் ஒன்று.
மௌனத்தை இத்தனை வகை பிரித்தவர்கள்
குடும்பம் நடத்தியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

நிலமும் பொழுதும் சொல்லாமல்
என் மொழியின் பழம்பாட்டில் ஒருத்தி
அழக்கூட முடியாது.
அழுது முடித்ததும் அடியில் ஒரு வரி:
இன்னார் இன்னாருக்குச் சொன்னது.
பாடியவர் பெயர் தொலைந்துபோனால்
அவர் சொன்ன உவமையையே
பெயராக ஒட்டிவிட்டார்கள்.
தொகுத்தவருக்கும் ஏதோ சிவந்திருக்கும்.

மதியம் ஃபோன். சேற்றில் ஆட்களை நடத்திப்போகிறவர்.
பெயர் ஓக்கே; குரல் அப்படியில்லை.
ஞாயிறு இருபத்தாறு பேர், மூன்று குழந்தைகள்.
"உங்கள் படத்தில் முழங்கால் ஆழம்.
கொம்பை விட்டுப் பார்த்தேன், இடுப்பு.
எந்த வருஷத்துக் கடல் அது?"

கோப்பின் வயிற்றுக்குள் கைவிட்டுத் தேடினேன்.
மூவாயிரத்து எழுபதாவது கோட்டில்,
யாரும் எட்டிப் பார்க்காத குறிப்புப் பத்தியில்:
மார்ச் 9. படகு தரை தட்டியது. மழை.
கை விறைத்துவிட்டது.
வருஷம் இல்லை.

கொடிவழி என்றொரு கட்டம் உண்டு.
படகையும் மழையையும் அதில் எழுதினேன்.
வருஷத்துக்கு: தெரியாது.
பயன்பாட்டு வரம்பு: இதை நம்பி நடக்க வேண்டாம்.
அளந்தவர்: விறைத்த கையார்.

வீப்கே எட்டிப் பார்த்து,
"இப்படியெல்லாம் பெயர் எழுதலாமா?" என்றாள்.
நிரலிடம் கேட்டோம். பச்சை.

ஓக்கேயைத் திரும்ப அழைத்தேன்.
கொம்பை நம்புங்கள், படத்தை அல்ல.
சரி என்றார். பின்னால் காற்று.

(தரவு காப்பவள் சேற்றில் நடத்துபவருக்குத்
தொலைபேசியில் சொன்னது.)