கடைமடையிலிருந்து

மூன்று பற்களைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் தெரிந்தது
பல்லில் ஒன்றுமில்லை என்று.
கும்பகோணத்தில் இரண்டு, பாபநாசத்தில் ஒன்று.
மூன்றும் கரும்பு கடித்த பற்கள்.

எட்டு மாதமாய் வலக் கன்னத்தில் சவரக்கத்தி படவில்லை.
இடப்பக்கம் மழித்து வலப்பக்கம் தாடியோடு
தென்பெரம்பூர் ஷட்டர் பாலத்தில் நடக்கிறேன்.
"என்ன லஸ்கர், பாதி வேண்டுதலா?" என்கிறான் பக்கிரி.
பதில் சொல்ல வாய் திறந்தால் வரும்.
கொப்புளித்தால் வரும்.
வெண்ணாற்றுக் காற்று உதட்டோரம் நூலளவு உரசினால் போதும்.
மோட்டார் கொட்டகையில் ஈரக் கையோடு
ஃபியூஸைத் தொட்டவனுக்குத் தெரியும்;
அதைக் கன்னத்துக்குள் வைத்துப் பாருங்கள்.
இரண்டு விநாடி.
அப்புறம் சுவடே இருக்காது.
அடுத்தது எப்போது என்று நாக்கைக்கூட அசைக்காமல் நிற்பேன்.

கார்பமசபின் காலை இரண்டு, இரவு இரண்டு.
வலி தணிந்தது, பாலம் ஆடியது.
கேஜில் நாலு புள்ளி இரண்டு நின்ற தண்ணீரை
இரண்டு புள்ளி நாலு என்று எழுதி அனுப்பி
என்ஜினியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தஞ்சாவூரில் டாக்டர் நூருன்னிசா
ஸ்கேன் உறையின் பின்புறம் படம் போட்டார்.
"காதுக்கு முன்னால, மண்டையோட அடித்தளத்துல ஒரு முடிச்சு.
அதுலேர்ந்து மூணு கிளை.
நெத்தி, கண்ணுக்கு ஒண்ணு.
கன்னம், மேல்பல்லுக்கு ஒண்ணு.
தாடை, கீழ்ப்பல்லுக்கு ஒண்ணு.
உங்க கல்லணை மாதிரி."

காவிரி, வெண்ணாறு, புதாறு.
கணக்குச் சரிதான். ஆனாலும்,
"இல்லீங்க டாக்டர்.
எங்க தண்ணி தலைப்புலேர்ந்து கீழே போவுது.
இது உதட்டுல கிளம்பி மண்டைக்கு ஏறுதுங்குறீங்க.
கடைமடையிலேர்ந்து கல்லணைக்குப் போற ஆத்தை
நான் பாத்ததில்ல."

பேனா நின்றது.
படத்தை அவரே ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.
"மூணாவதோட ஒட்டி ஒரு சின்ன வேர் இருக்கு.
மெல்லச் சொல்லி தாடைக்கு உத்தரவு கொண்டுபோவும்.
அது மட்டும் மேலேர்ந்து கீழே."
"அது ஒண்ணுதான் ஆறு" என்றேன்.
சொன்ன வாய்க்குக் கிடைத்தது ஒரு வெட்டு.

முடிச்சுக்கும் பின்னால்,
வேர் மூளைத்தண்டில் நுழையும் இடத்தில்
தமனி ஒன்று சாய்ந்து கிடக்கிறதாம்.
நாடிக்கு ஓர் இடி என்று இடித்து
நரம்பின் உறையைத் தேய்த்துவிட்டதாம்.
இது எனக்குப் படமில்லாமல் புரிந்தது.
நண்டுவளை ஒன்று போதும், கரை போக.

தலையைத் திறந்து நடுவில் பஞ்சு வைக்கலாம்;
நெஞ்சில் ஸ்டென்ட் இருப்பதால் வேண்டாம் என்றார்.
ஊசிதான்.
வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குத்தி
மண்டை எலும்பில் முட்டை வடிவத்தில் இருக்கும் துளைக்குள்.
எக்ஸ்ரே திரையில் அது நெல் பதரளவு தெரிந்தது.
மயக்கம் பாதி தெளிந்ததும் கேட்டார்:
"எங்கே குறுகுறுக்குது?"
"தாடைல."
ஒரு மில்லிமீட்டர்.
"இப்போ?"
"மூக்கோரம்."
"இதுக்கு மேலே போனா கண்ணு.
கண்ணுல தூசி விழுந்தாலும் தெரியாமப் போயிடும்.
அந்த மதகை நான் தொடமாட்டேன்."
மதகு என்ற சொல் அவர் வாயிலும் வந்துவிட்டது.
பிறகு சூடு.
அது எத்தனை விநாடி என்று என்னைக் கேட்காதீர்கள்.

வலக் கன்னம் இப்போது வேறு யாருடையதோ.
சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் அஞ்சம்மாள் சொல்கிறாள்.
கொசு குடித்துவிட்டு நிதானமாகப் போகிறது.
பக்கிரி கண்ணாடி பிடிக்க, தாடியை எடுத்தேன்.
பிளேடு போனது தெரியவில்லை;
முடி விழுந்தது தெரிந்தது.

இன்று காலை ஆயிரத்து இருநூறு கன அடி திறக்கச் சொன்னார்கள்.
வழக்கம்போல் இடக்கையால் கன்னத்தை மூடிக்கொண்டு
வலக்கையால் சக்கரத்தைச் சுற்றினேன்.
முக்கால் சுற்று போன பிறகு
பாலத்துக் கம்பியில் போட்டிருந்த என் துண்டு
படபடத்துக்கொண்டிருந்தது.

ஓ, காற்று அடிக்கிறது.